எட்டு-அ, எட்டு-ஆ

கூடைப்பந்தில் பந்தைக் கூடைக்குள் போடுவது சின்ன வேலை. போட்ட பந்தைப் போடாத பந்தாக ஆக்குவதுதான் பெரிய வேலை. அதற்குப் படித்தவர்கள் மூன்று பேர், ஒரு மேசை, ஒரு ஒலிபெருக்கி எல்லாம் வேண்டும். இது அந்தச் சனிக்கிழமை வரை முனியனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் வந்ததில்லை. அவர் கரும்பு வெட்டுகிறவர். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராததால் அன்று வேலையில்லை. மகள் ஜீவா பந்து விளையாடுவதைப் பார்க்கலாம் என்று தூக்குவாளியில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தார்.

வந்தவரைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஜீவாவின் அரசுப் பள்ளி இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. அதுவே பள்ளிக்கு ஆச்சரியம். ஆட்டத்தன்று காலையில் விளையாட்டு ஆசிரியர் பழனியை வாக்காளர் பட்டியல் வேலைக்கு உளுந்தூர்பேட்டைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வயதுவந்த ஒருவர் பெஞ்சில் இல்லாவிட்டால் அணி ஆட முடியாது என்பது விதி. மைதானத்து வாசலில் தூக்குவாளியோடு நின்ற முனியனைப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

கழுத்தில் அட்டை மாட்ட வந்தவர் கேட்டார். "நீங்கதான் கோச்சா?"

"இல்லீங்க சார். நான் ஜீவாவோட அப்பன்."

"அது உங்க சொந்த விஷயம். பெஞ்சுல உக்காந்தா கோச்."

அட்டை மாட்டியவர் நடுவர் இளவரசன். வட்டார மகளிர் கூடைப்பந்து நடுவர் பேரவையில் விசில் அவர் பொறுப்பு. மேசையில் நேரமும் புள்ளியும் குறிப்பவர் கோகிலவாணி. மேசைக்குப் பின்னால், மற்ற நாற்காலிகளைவிட உயரமான ஒரு நாற்காலியில், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் தலைமை ஆணையர் பகலவன்.

மற்ற இடங்களில் ஆட்டக்காரர்களால் பெயர் வாங்குவார்கள். இந்தப் பேரவை, திருத்தத்தால் பெயர் வாங்கியது. ஆட்டத்தில் நடுவர்கள் செய்துவிடும் பிழையை நடுவர்களே எப்படிக் கண்டுபிடித்து நடுவர்களே எப்படித் திருத்திக்கொள்வது என்பதற்குக் கோடைதோறும் ஏற்காட்டில் முகாம் நடத்துவார்கள். அந்த முகாமுக்குப் பந்து எடுத்துப்போவதில்லை. பந்து இருந்தால் கவனம் சிதறும்.

ஆட்டம் தொடங்கும் முன் பகலவன் பேசினார்.

"வீராங்கனைகள் வருவார்கள், போவார்கள். வெற்றி வரும், போகும். நிலைத்து நிற்பது திருத்தம் ஒன்றே. கடந்த ஆண்டு இந்தப் பேரவை நடத்திய ஆட்டங்களில் திருத்தம் இல்லாத ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். முனியனும் தட்டினார். பெரிய மனிதர் பேசினால் கைதட்டுவது மரியாதை என்று நினைப்பவர் அவர்.

இங்கே சட்டை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜீவாவின் அணியில் ஒன்பது பேர். சட்டை எட்டுதான். ஊரில் உரக்கடை வைத்திருப்பவர் பெரிய மனசு பண்ணித் தைத்துக் கொடுத்தது அது. முதுகில் எண்ணும், எண்ணுக்குக் கீழே 'உரம், விதை, பூச்சி மருந்து' என்றும் இருக்கும். எட்டாம் எண் சட்டை ஜீவாவுக்கும் மணிமொழிக்கும் பொது. மணிமொழி மலைமேல் கரியாலூர்ப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறவள். ஜீவா ஆடினால் மணிமொழி உட்காருவாள். மணிமொழி ஆடினால் ஜீவா உட்காருவாள். உள்ளே ஆளுக்கொரு டீ-சர்ட் போட்டிருப்பார்கள். ஆள் மாறும்போது ஒருத்தி சட்டையைத் தலைவழியே உருவிக் கொடுக்க, மற்றவள் அதே வேகத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவாள். சட்டையின் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறிவிடும்.

இதைப் பழனி சார் முன்கூட்டியே பேரவைக்குச் சொல்லியிருந்தார். பேரவை மூன்று முறை கூடிப் பேசியது. ஒரு நிலம் இரண்டு பங்காளிக்குப் போனால் பட்டாவில் உட்பிரிவு போடுவதில்லையா, அதுபோல ஜீவாவுக்கு எட்டு-அ என்றும் மணிமொழிக்கு எட்டு-ஆ என்றும் எண் கொடுத்து, முத்திரையும் குத்தி ஆணை போட்டது. மூன்று முறை கூடிப் பேசிய நேரத்தில் ஒரு சட்டை தைத்திருக்கலாமே என்று உரக்கடைக்காரர் கேட்டதாகச் சொல்கிறார்கள். அவருக்கு நிர்வாகம் தெரியாது.

எதிரணி சின்னசேலம் பக்கத்துத் தனியார் பள்ளி. சொந்த வேன், சொந்தத் தண்ணீர்க் கேன், ஆளுக்கு இரண்டு சட்டை. அவர்கள் தலைவி எழில்மதி நல்ல உயரம், நல்ல ஆட்டம். ஆட்டம் விறுவிறுப்பாகப் போனது. முனியனுக்கு எதுவும் புரியவில்லை. பிள்ளைகள் சிரித்தால் சிரித்தார், உச்சுக் கொட்டினால் உச்சுக் கொட்டினார்.

ஆட்டம் முடியப் பதினான்கு விநாடி. ஜீவாவின் அணி ஒரு புள்ளி பின்னால். ஜீவா பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். தடுக்க வந்த எழில்மதி வேகத்தை அடக்க முடியாமல் அவள்மேல் மோதிவிட்டாள். ஜீவா சிமெண்டுத் தரையில் முட்டி பட விழுந்தாள்.

இளவரசன் விசில் ஊதினார். இடித்தது தப்பு, இடிபட்ட அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அதாவது யாரும் குறுக்கே வராமல் கோட்டில் நின்று இரண்டு தடவை பந்தைப் போடலாம்.

முனியன் ஓடிப்போய் மகளைத் தூக்கினார். முட்டியில் தோல் கிழிந்து வாய் பிளந்திருந்தது. ரத்தம் காலுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரத்தம் வந்தா ஆட முடியாது. ஆள மாத்துங்க," என்றார் இளவரசன். விதியும் அதுதான். அடிபட்டவள் வெளியே போனால், அவளுக்குப் பதில் வருபவள் அந்த ஃப்ரீ த்ரோவைப் போட வேண்டும்.

ஜீவா பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையைக் கழற்றினாள். மணிமொழி மாட்டிக்கொண்டாள். கோட்டில் நின்றாள். வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொன்னாள். முதல் பந்து உள்ளே போனது. இரண்டாவதும் உள்ளே போனது.

இப்போது ஒரு புள்ளி முன்னால். பிள்ளைகள் குதித்தார்கள். முனியன் தோள் துண்டை மகளின் முட்டியில் சுற்றிக் கட்டினார். "வா பாப்பா. ஆஸ்பத்திரி கிட்டதான் கீது. ஆட்டோவுல பூடலாம்."

"இருப்பா, பதினாலு செகண்டுதான. முடிஞ்சதும் போலாம்."

அந்தப் பதினான்கு விநாடி தொடங்குவதற்கு முன்னால் ஒலிபெருக்கி கொரகொரத்தது.

"நிறுத்துங்கள்! பிழை நடந்திருக்கிறது!" என்றார் பகலவன். அவர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. கல்யாண வீட்டில் சமையல் தயார் என்று சொல்ல வந்தவர் முகம்போல இருந்தது.

மேசையைச் சுற்றிக் கூடினார்கள். கோச் என்பதால் முனியனையும் கூப்பிட்டார்கள். முனியன் மகளை மணிமொழியிடம் விட்டுவிட்டுப் போனார்.

"அடிபட்டது யார்?" என்று கேட்டார் பகலவன்.

"எட்டு," என்றார் இளவரசன்.

"ஃப்ரீ த்ரோ போட்டது யார்?"

"எட்டு."

"அடிபட்டு ரத்தம் வந்த எட்டு எப்படிப் போட முடியும்?"

"சார், போட்டது எட்டு-ஆ," என்றார் கோகிலவாணி. "மாத்தி வந்த பொண்ணு."

"மாற்றினார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஆள் மாறும்போது நடுவர் இரண்டு கையையும் குறுக்காக வைத்துக் காட்ட வேண்டும். இளவரசன், காட்டினீர்களா?"

இளவரசன் சிறிது யோசித்தார். "இல்லைங்க ஐயா. அப்ப என் கை வேற பணியில இருந்துச்சு. மூக்குல ஒரு அரிப்பு."

"நடுவர் கை காட்டவில்லை. ஆகவே ஆள் மாறவில்லை. ஆகவே அந்தப் பெண் களத்தில் இல்லை. களத்தில் இல்லாத ஒருவர் போட்ட பந்து கூடைக்குள் போயிருக்க முடியாது."

"போச்சுங்களே சார்," என்றார் முனியன். "எல்லாரும் பாத்தாங்களே."

பகலவன் அவரைக் கனிவோடு பார்த்தார். "கோச், கண்ணால் பார்ப்பது ரசிகர்களின் வேலை. நாங்கள் விதியால் பார்க்கிறோம்."

இரண்டு புள்ளியும் ரத்து என்று ஒலிபெருக்கியில் சொன்னார். எதிரணிப் பிள்ளைகள்கூடக் கைதட்டவில்லை.

முனியன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "சரிங்க சார். புள்ளி போனா போவுது. பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூடறேன்."

"அது முடியாது."

"இன்னா சார்?"

"பிழை உங்கள் மகள் சம்பந்தப்பட்டது. திருத்தம் முடியும்வரை சம்பந்தப்பட்டவர் இங்கே இருக்க வேண்டும். போனால் உங்கள் அணி ஆட்டத்தைக் கைவிட்டதாக ஆகும். மற்ற எட்டுப் பிள்ளைகளின் வெற்றியையும் நீங்களே கெடுத்ததாக ஆகும். யோசித்துக்கொள்ளுங்கள்."

முனியன் திரும்பிப் பார்த்தார். துண்டில் சிவப்பு விரிந்துகொண்டே போயிற்று. ஜீவா தலையை ஆட்டி, போக மாட்டேன் என்றாள். ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குச் சென்னை போகலாம் என்று ஒன்பது பிள்ளைகளும் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். மணிமொழி ரயிலே ஏறாதவள்.

மேசைமேல் முதலுதவிப் பெட்டி ஒன்று பளபளவென்று இருந்தது. "அதுலேந்து கொஞ்சம் பஞ்சாச்சும் குடுங்க சார்," என்றார்.

"அது மேலிடத்து ஆய்வுக்கு வைத்தது," என்றார் இளவரசன். "திறந்தால் சீல் உடையும்."

கோகிலவாணி தன் தண்ணீர்ப் புட்டியையும் கைக்குட்டையையும் மேசைக்கு அடியில் முனியன் பக்கம் தள்ளினார். முனியன் அவரைக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த மேசையிலிருந்து வந்த உருப்படியான உதவி அது ஒன்றுதான். அதுவும் மேசைக்கு அடியில்தான் வர முடிந்தது.

அதற்குள் இளவரசனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வருவது பேரவையில் பதவி உயர்வுக்கு நல்லது.

"ஐயா, ரத்து பண்ணியாச்சு. ஆனா இடிச்சது உண்மை. ஃப்ரீ த்ரோ குடுக்க வேண்டியதும் உண்மை. குடுக்காம விட்டா அதுவும் திருத்த வேண்டிய பிழையாச்சே?"

"அருமை," என்றார் பகலவன். "அப்படியானால் உரியவரே வந்து போட வேண்டும். உரியவர் எட்டு-அ."

"எட்டு-அவுக்கு ரத்தம் வருது, ஐயா. ரத்தம் வந்தா களத்துக்கு வரக்கூடாது."

"அவருக்குப் பதிலாள் வரலாம்."

"பதிலாள் எட்டு-ஆ. அவங்க களத்துல இல்லாமலே போட்டவங்க. அவங்க மேலதான் பிழையே."

"வேறு பதிலாள்?"

"ரெண்டு பேருக்கு அஞ்சு ஃபவுல் முடிஞ்சு வெளிய போயாச்சு. இன்னொரு பொண்ணுக்குக் காலைலேந்து காய்ச்சல்."

இதை மேல்முறையீட்டுக் குழுவுக்கு விடுவது என்று முடிவானது. குழு யார் என்று முனியன் கேட்டார். குழு அவர்களேதான். மூவரும் எழுந்து, ஆளுக்கொரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அட்டையின் பின்பக்கத்தில் 'மேல்முறையீடு' என்று அச்சிட்டிருந்தது.

மேல்முறையீட்டில் உட்கார்ந்த பகலவன், சற்று முன் ஆணையராக இருந்த பகலவனின் முடிவை வெகுவாகப் பாராட்டினார். பாராட்டிவிட்டு மாற்றினார். நடக்காத ஆள்மாற்றத்தை நீக்கினால்தான் நடக்க வேண்டிய ஆள்மாற்றத்தைச் செய்ய முடியும். ஆகவே எட்டு-அ முதலில் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு களத்துக்குள் வர வேண்டும். வந்தபின் முறைப்படி வெளியேற வேண்டும். அப்போது இளவரசன் கையைக் காட்ட வேண்டும்.

"கைய இப்பவே காட்டிட்டாப் போதாதுங்களா?" என்று முனியன் கேட்டார்.

"இப்போது காட்டினால் அது இப்போதைய கை, கோச். நமக்கு வேண்டியது அப்போதைய கை."

சட்டையை வாங்கிப் பார்த்தார்கள். ஓரத்தில் ரத்தக் கறை இருந்தது. ரத்தக் கறை பட்ட சட்டையோடு ஆடக்கூடாது. மணிமொழி குழாயடிக்கு ஓடிப்போய்க் கசக்கிக்கொண்டு வந்தாள். ஈரச் சட்டை சொட்டினால் தரை வழுக்கும் என்று இளவரசன் சொன்னார். காய வேண்டும் என்றார்கள். வெயிலில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உரம், விதை, பூச்சி மருந்து என்று சட்டை காற்றில் ஆடியது.

ஜீவாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. முனியன் மகளின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கூடை போடுவதில் சாமிக்கு என்ன பங்கு என்று அவர் யோசித்ததில்லை, இப்போது யோசித்தார். மாரியாத்தா, எங்களுக்குப் புள்ளி வேணாம், இவங்களுக்குக் கொஞ்சம் கண்ணக் குடு என்று வேண்டிக்கொண்டார்.

அப்புறம் மேசைக்கு எழுந்து போனார். "சார், கால்ல வுழறேன். பொண்ணுக்கு மயக்கம் வர்ற மாதிரி கீது. வுட்ருங்க."

பகலவன் ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அக்கறையோடு சொன்னார். "எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது, கோச். உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒன்று நினைத்துப் பாருங்கள். முட்டி ஆறிவிடும். ஸ்கோர் ஷீட் ஆறாது."

சட்டை காய்ந்தது. கடைசிக் கட்டளை வந்தது. பிழை நடந்த கணத்தில் களம் எப்படி இருந்ததோ அப்படியே அதைத் திரும்ப அமைக்க வேண்டும். பத்துப் பேரும் அப்போது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஜீவா சட்டை போட்டுக்கொண்டு, விழுந்த இடத்தில் விழுந்த நிலையில் இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் தோள் கொடுக்க, அவள் நொண்டிக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். தரை கொதித்தது.

"அவர் மோதி விழுந்தவர். உட்கார்ந்தால் போதாது, கொஞ்சம் சாய வேண்டும்," என்றார் பகலவன். ஜீவா சாய்ந்தாள்.

"இளவரசன், விசில் ஊதுங்கள்."

இளவரசன் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார். "ஐயா, ஒரு சின்னச் சிக்கல். எதுக்காக ஊதறது? ஃபவுல் நடந்தாத்தான ஊத முடியும்? நடக்காத ஃபவுலுக்கு ஊதினா, அது என் மேல பிழையாயிடும்."

பகலவன் கண்ணை மூடி யோசித்தார். இருபத்தெட்டு ஆண்டு அனுபவம் அந்த நெற்றியில் சுருக்கமாக ஓடியது. கண்ணைத் திறந்தார்.

"எதிரணித் தலைவி முன்னே வரவும். அப்போது மோதியதுபோல இப்போது ஒரு முறை மோதவும். பலமாக வேண்டாம். ஆனால் மோதல் தெரிய வேண்டும். அணிகள் ஒத்துழைக்கவும்."

வேலிக்கு வெளியே ஐஸ் வண்டிக்காரர்கூட மணியடிப்பதை நிறுத்திவிட்டார்.

எழில்மதி இரண்டடி முன்னால் வந்தாள். தரையில் கிடந்த ஜீவாவைப் பார்த்தாள். முட்டியைச் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தாள். அதன் பழைய நிறம் என்ன என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாட்டேன் சார்," என்றாள்.

"என்ன சொன்னீர்கள்?"

"தெரியாம ஒரு தடவ இடிச்சிட்டேன். அதுக்கே மனசு என்னவோ பண்ணுது. தெரிஞ்சி இடிக்க மாட்டேன்."

"இது இடிப்பது அல்ல அம்மா. திருத்தம்."

"அத நீங்களே பண்ணிக்கோங்க சார்." அவள் குனிந்து ஜீவாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "எழுந்திரு ஜீவா. மெதுவா. சாரிடி."

"வுடுக்கா. எங்க டீம் அவுட்டாயிடும்," என்றாள் ஜீவா. குரல் கம்மியாகத்தான் வந்தது.

"ஆவட்டும். எங்க டீமும் ஆவட்டும். ரெண்டு பேரும் அவுட்டு." வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள். "தங்கதுரை அண்ணா! வேன ஸ்டார்ட் பண்ணுங்க!"

தங்கதுரை அவர்கள் பள்ளி வேன் ஓட்டுநர். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர் வேனை நிழலிலிருந்து எடுத்து மைதானத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

முனியன் மகளைத் தூக்கிக்கொண்டார். எழில்மதி காலைப் பிடித்துக்கொண்டாள். மணிமொழி பின்னாலேயே ஏறினாள். அவள் பின்னால் மற்றவர்கள். எந்த அணி, எந்தப் பள்ளி என்று யாரும் பார்க்கவில்லை. வேனில் இடம் போதவில்லை. மடியில் மடியாக உட்கார்ந்தார்கள். ஏற முடியாமல் நின்ற பிள்ளைகள் பின்னால் நடந்தே வந்தார்கள்.

வேன் வாசலைத் தாண்டும்போது ஒலிபெருக்கி கேட்டது. "எதிரணித் தலைவிக்குத் தண்டனை! வேன் களத்துக்குள் வந்ததற்குத் தண்டனை! இரு அணிகளுக்கும் எதிராகத் தலா இரண்டு ஃப்ரீ த்ரோ! போட வேண்டியவர்கள் கோட்டுக்கு வரவும்! போட வேண்டியவர்கள் கோட்டுக்கு வரவும்!"

அரசு ஆஸ்பத்திரியில் செவிலியர் ஜெயசுதா துண்டை அவிழ்த்தார். "எப்படி அடிபட்டுது?"

கோச்சாகத் தன் கடமையைச் செய்ய முனியன் தொடங்கினார். "இவ எட்டு-அ ங்க. அந்தப் பொண்ணு எட்டு-ஆ. கை காட்டலன்னு..."

"கால நீட்டு பாப்பா," என்றார் ஜெயசுதா. "வலிக்கும். இந்தா, என் கையப் பிடிச்சிக்கோ." அவருக்கு ஒரு கைதான் ஓய்வாக இருந்தது; அதைத்தான் கொடுத்தார். டாக்டர் வந்து தையல் போட்டார். சீட்டு அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.

"இவ்ளோ நேரம் ஏன் இட்டாராம வச்சிருந்தீங்க?" என்று கட்டுப் போடும்போது ஜெயசுதா திட்டினார்.

"திருத்திக்கினு இருந்தாங்கம்மா."

"இன்னாத்த?"

முனியன் யோசித்துப் பார்த்தார். "தெரியலம்மா," என்றார்.

வெளியே வராந்தாவில் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகளும் அந்தப் புளிச்சோற்றைத் தூக்குவாளி மூடியில் போட்டு ஆளுக்கொரு வாய் தின்றுகொண்டிருந்தார்கள். போதாத சோறுதான். ஆனாலும் ஜீவாவுக்கு என்று ஒரு பிடி ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு மாநிலப் போட்டிக்கு இங்கிருந்து எந்த அணியும் போகவில்லை. யார் வென்றது என்று முடிவாகாததால், பேரவை நடுவர்கள் மட்டும் சென்னைக்குப் போய்வந்தார்கள். அங்கே பகலவனுக்குச் சால்வை போட்டார்களாம். திருத்தத் துறையில் இவ்வளவு நீண்ட திருத்தம் இதுவரை நடந்ததில்லையாம்.

சில வாரம் கழித்து, வெட்டு உத்தரவு வந்து முனியன் கரும்புக் கொல்லையில் நின்றபோது போன் அடித்தது.

"கோச் முனியனா? ஆணையர் பகலவன் பேசுகிறேன். அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. கடிகாரம் ஓடாததால் பிழையைத் திருத்தும் காலமும் முடியவில்லை. விதி அப்படி. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளை அழைத்துவாருங்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்."

"ஞாயித்துக்கெழம வர மாட்டாங்க சார். அன்னிக்கு அவங்களுக்கு ஆட்டம் கீது."

"என்ன ஆட்டம்?"

"எங்க ஊரு ஸ்கூல் கிரவுண்டுல சார். அந்த எழில்மதிப் பொண்ணும் மத்ததுங்களும் சின்னசேலத்துலேந்து பஸ் ஏறி வந்துடுதுங்க. கலந்து ஆடுதுங்க. எம் பொண்ணுகூட இப்ப நல்லா ஓடுது."

பகலவனின் குரல் மாறியது. "நடுவர் யார்?"

"யாரும் இல்லீங்க."

"அப்படியென்றால் பிழை நடந்தால்?"

"இடிச்ச புள்ளையே, நான்தான் இடிச்சேன்னு சொல்லிப் பந்தக் குடுத்துடுது சார்."

"விசில்?"

"விசிலும் இல்லீங்க. யாராச்சும் வுழுந்தா ஆட்டம் தானா நின்னுடுது. எல்லாரும் ஓடிப்போய்த் தூக்கறாங்க. தூக்கி வுட்டதும் தானா ஆரம்பிச்சிடுது."

அந்தப் பக்கம் விதிப் புத்தகத்தின் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பகலவன் கேட்டார்.

"அதற்கு யார் அனுமதி கொடுத்தது?"